வாடகை வீட்டில் பன்றி விலா

ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுவிட்டு ஆரம்பிக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தி, ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோவில்பட்டியில் நான் வாடகைக்கு இருந்த மாடிவீட்டு மொட்டைமாடியில், 15 கிலோ எண்ணெய் டின்னுக்குள் கருவேலங்கரியைக் கங்காக்கி, பன்றி விலாவைப் புகையில் வாட்டிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். "ஆச்சி வாட்டிக் குடுத்தாப்புல ஒருநா திங்கணும்யா" என்று அவள்தான் கேட்டிருந்தாள். தோலில் மிச்சமிருந்த மயிரைத் தீயில் காட்டிப் பொசுக்கினேன். அந்த வாடை என்னைக் கேட்காமலே கீழே இறங்கிப் போய்விட்டது. வீட்டுக்காரம்மா படியேறி வந்து பாதிப் படியில் நின்றார்.

"என்ன தம்பி, முடி பொசுங்குற வாடையா வருது?"

"ஆட்டுத்தலை வாட்டுறோம்க்கா."

"சொல்லியிருந்தா எங்களுக்கும் ஒண்ணு வாங்கியாரச் சொல்லியிருப்பேன்ல" என்று சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார்.

அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. ராத்திரி சாப்பிடும்போது ஒரு எலும்பைச் சப்பிவிட்டு, "ஆட்டுத்தலை நல்லா வெந்திருக்குய்யா" என்றாள்.

அதற்கு முந்தின வாரம்தான் மதுரையில் ஒரு கூட்டத்தில் உணவு உரிமை பற்றிக் கவிதை வாசித்துக் கைதட்டு வாங்கியிருந்தேன். கைதட்டிய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் படிக்கட்டும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். கறி எப்படி ஆகிறது என்று தெரியாமலே அதன் அரசியலைப் பேசுகிற வழக்கம் நம் கூட்டங்களில் அதிகமாகிவிட்டது. எங்கள் தெருவில் தீபாவளிக்குத்தான் பன்றி. கரிசல் காட்டில் அது அடைமழைக் காலம். ஆட்டுக்கறி என்றால் உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் கோத்து, வெயிலில் உப்புக்கண்டம் போட்டுவிடலாம். பன்றிக்கறியை அப்படிப் போட முடியாது. கொழுப்பு அதிகம், வெயில் பட்டால் காறிப்போகும். ஐப்பசியில் வெயிலுக்கும் எங்கே போவது? அதனால் ஆச்சி விலாவைத் துண்டுபோட்டு, கல்லுப்பும் மஞ்சளும் தேய்த்து, பனைநாரில் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவாள். பருத்திமாரும் வேலிக்கருவை விறகும் எரிகிற அடுப்பு. மூன்று நாள், நாலு நாள் அந்தப் புகையிலேயே கிடக்கும். மேல்தோல் பழைய செருப்புத் தோல் மாதிரி கறுத்து இறுகிவிடும். புகையில் இருக்கிற பீனால் வகைகள் கொழுப்பு காறுவதைத் தடுக்கும் என்று பி.எஸ்சி. வேதியியல் படிக்கும்போது எனக்குத் தெரிந்தது. ஊருக்குப் போனபோது ஆச்சியிடம் இதைச் சொன்னேன். "அதுக்கா காலேசுக்குப் போன?" என்று கேட்டாள்.

வாடகை வீட்டில் விறகடுப்பு ஏது? அதனால் எண்ணெய் டின். மேல்மூடியை வெட்டி எடுத்துவிட்டு, அடியில் சுற்றிலும் ஆணியால் துளை போட வேண்டும். பாதிக்கு மேலே நாலு கம்பியைக் குறுக்கே செருகினால் விலாவை அடுக்க இடம் ஆயிற்று. கங்கு ஒரு ஓரமாகவும் கறி மறு ஓரமாகவும் இருக்கட்டும். நேர் கீழே கங்கு இருந்தால் கொழுப்பு சொட்டிச் சொட்டித் தீ பிடித்து, வெளியே கரிந்து உள்ளே பச்சையாக நிற்கும். மேலே ஒரு தகரத்தை அரைகுறையாக மூட வேண்டும். பச்சை விறகைப் போட்டுவிடாதீர்கள், வெள்ளை வெள்ளையாகத் திரண்டு வருகிற புகை கறியைக் கசக்கவைக்கும். நன்றாகக் காய்ந்த விறகைச் சிறு துண்டுகளாகக் கங்கின்மேல் வைத்தால் மெல்லிசாக நீலம் பாய்ந்த புகை வரும். அதுதான் வேண்டும். முதல்நாள் ராத்திரியே ஒரு கிலோவுக்கு 20 கிராம் உப்புக் கணக்கில் தேய்த்து, முண்டு வத்தல், மல்லி, மிளகு, பூண்டு அரைத்துப் பூசி வைத்துவிட வேண்டும். புகையில் இரண்டு மணி நேரம். அதன்பிறகு மண்சட்டியில் சின்ன வெங்காயத்தோடு போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூடி, சிறுதீயில் இன்னொரு ஒண்ணேகால் மணி நேரம். எண்ணெய் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது, அதன் கொழுப்பே போதும். எலும்பைச் சுற்றியிருக்கிற சவ்வு உருகிப் பசையாகி, விரலால் இழுத்தால் எலும்பு கழன்று வர வேண்டும். குதிரைவாலிச் சோறு இதற்குப் பொருத்தம். அரிசிச்சோறு சுமார்தான்.

மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பிரியாணியைக் குக்கரில் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். இதற்குக் கதவு கிடையாது. புகை தெருவுக்கெல்லாம் சொல்லிவிடும். சாதிச் சான்றிதழைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிற நம் உத்தியோகஸ்தர்களுக்கு இந்தப் பண்டம் ஒத்துவராமல் போனதற்கு அதுதான் காரணம்.

அந்த வீட்டுக்காரம்மா சைவம் இல்லை என்பதைக் கவனியுங்கள். வாராவாரம் ஆட்டுக்கறி எடுக்கிற குடும்பம். ஆட்டுத்தலையின் மயிர் பொசுங்கினாலும் பன்றித்தோலின் மயிர் பொசுங்கினாலும் வாடை ஒன்றுதான். நான் சொன்ன பொய் செல்லுபடியானதே அதனால்தான். அவருடைய மூக்கு எதையும் வித்தியாசமாக உணரவில்லை. பெயரைச் சொன்னவுடன் முகம் மலர்ந்தது. வேறு பெயரைச் சொல்லியிருந்தால் வேறு முகம். சென்னையில் இருந்துகொண்டு உணவு அரசியல் எழுதுகிற தோழர்கள் எல்லாவற்றையும் சைவம் - அசைவம், பார்ப்பான் - மற்றவர் என்று பிரித்து முடித்துவிடுகிறார்கள். கரிசல் காட்டில் அந்தக் கணக்கு பாதிதான் சரி. இங்கே எனக்கு வீடு தராதவர்களில் முக்கால்வாசிப் பேர் கறி தின்கிறவர்கள். கறிக்குள்ளேயே ஒரு ஏணி வைத்திருக்கிறார்கள். ஆடும் கோழியும் மேலே, மீன் நடுவில், அடியில் மாடும் பன்றியும். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. காட்டுப்பன்றி என்றால் அது வீரம். வேட்டையாடத் தடை இருந்தும் ரகசியமாகப் பங்கு பிரித்துத் தின்றதைத் திண்ணையில் உட்கார்ந்து பெருமையாகச் சொல்லுவார்கள். நாட்டுப்பன்றி என்றால் சாதி. கண்ணப்பன் பன்றியைத் தீயில் வாட்டி, வாயில் போட்டுப் பதம் பார்த்துச் சிவனுக்குப் படைத்தான் என்று சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். அந்தக் கண்ணப்பன் அறுபத்துமூவரில் ஒருவராகப் பெரிய கோயில் பிராகாரங்களில் நிற்கிறார். திருமலையில் வேங்கடவனுக்கு முன்னால் வராகசாமியைக் கும்பிட வேண்டும் என்பது மரபு. சாமி பன்றியாகலாம், சாமிக்குப் பன்றி படைக்கலாம், மாடிவீட்டில் குடியிருக்கிறவன் மட்டும் தின்னக் கூடாது.

மாட்டுக்கறிக்கு ஒரு அரசியல் கிடைத்துவிட்டது. 1948இல் அம்பேத்கர் 'தீண்டப்படாதவர்கள் யார்' நூலில் தீண்டாமையின் வேரை மாட்டிறைச்சியில் தேடினார். 2012இல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் மாட்டுக்கறித் திருவிழா நடந்தது, கலவரமாகியது. 2017இல் சென்னை ஐ.ஐ.டி.யில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட ஆய்வு மாணவர் ஒருவரைக் கண்ணில் காயம்படும்படி அடித்தார்கள். இதெல்லாம் நமக்கு மனப்பாடம். பன்றிக்கு அப்படி என்ன இருக்கிறது? மாடு புனிதம் என்று அவன் சொல்லுகிறான், நாம் தின்கிறோம், அங்கே ஒரு மோதல் நடக்கிறது, தின்கிறவன் கலகக்காரன் ஆகிறான். பன்றி யாருக்கும் புனிதமில்லை. அது அசிங்கம். அசிங்கத்தைத் தின்றால் கலகக்காரன் என்று எவனும் சொல்லுவதில்லை, மூக்கைப் பொத்திக்கொள்கிறான். இஸ்லாமியத் தோழர்களோடு மேடையைப் பகிர்ந்துகொள்ளும்போது பன்றியைப் பேசாமல் விடுவது நாகரிகம் என்று நாமும் விட்டுவிட்டோம். அவர்களுடைய விலக்கு வேதத்திலிருந்து வருகிறது, அது என்னைத் தாழ்த்துவதில்லை, அதை நான் மதிக்கிறேன். அதற்காக எங்கள் ஆச்சியின் அடுப்பைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட முடியாது.

அசிங்கம் என்ற சொல்லைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்போம். பன்றி மலம் தின்கிறது என்கிறார்கள். யாருடைய மலம்? கக்கூஸ் கட்டாமல் ஊரைப் போகவிட்டவர்கள், எடுப்புக் கக்கூஸ் கட்டி நம் அருந்ததியப் பெண்களை அள்ளவிட்டவர்கள், இவர்களுடைய மலம்தான். அள்ளுவதைத் தடைசெய்ய 1993இல் ஒரு சட்டம், அது போதாமல் 2013இல் இன்னொரு சட்டம். மலம் போட்டவனுக்கு அசிங்கமில்லை, அள்ளியவளுக்கும் தின்ற பன்றிக்கும் அசிங்கம்.

அடுத்ததாக, "பன்னிக்கறி தின்னா மூளையில புழு வரும்" என்பது. படித்தவர்களும் சொல்லுகிறார்கள், ஏன், டாக்டருக்குப் படிக்கிற நம் பையன் ஒருவனே சொன்னான். நாடாப்புழுவின் கட்டிகள் உள்ள கறியைச் சரியாக வேகாமல் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். அது உண்மை, ஆகவே நன்றாக வேகவையுங்கள். மூளையில் கட்டி வருவது வேறு வழியாக. குடலில் புழு உள்ள மனிதனின் மலத்திலிருந்து வெளிப்படுகிற முட்டைகள் தண்ணீரிலும் காய்கறியிலும் அழுக்குக் கையிலும் ஒட்டி வாய்க்குள் போனால்தான் அந்த வியாதி. ஆயுசுக்கும் பன்றியைத் தொடாத சைவக்காரருக்கும் அது வருகிறது. மருந்து கக்கூஸும் சோப்பும்தான். நோயின் பழியையும் நம் சட்டியில் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். நாமும் வாங்கிக்கொண்டோம்.

இனி நம்ம தெருவுக்கு வருகிறேன். இதை எழுதக் கூசுகிறது. எங்கள் ஊரில் பன்றி வளர்த்தது அருந்ததியர் தெரு. நாங்கள் பறையர். ஆச்சி அங்கே போய்க் கூறு வாங்கி, பனையோலைப் பட்டையில் வைத்து, மேலே சேலைத் தலைப்பைப் போட்டு மூடிக்கொண்டு வருவாள். சின்ன வயதில் கூடவே ஓடியிருக்கிறேன். யாரிடமிருந்து மூடினாள்? அந்தத் தெருவிலிருந்து எங்கள் தெருவுக்கு வருகிற பாதையில் சாதி இந்து வீடு ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் ஆட்களிடமிருந்துதான் மூடினாள். "பன்னி திங்கிற வீடு" என்று எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் பொண்ணு எடுக்க யோசித்தார்கள். பக்கத்து ஊர்த் தேவேந்திரர்கள் அதற்கு முன்பே விட்டுவிட்டார்கள். தாங்கள் விட்டதைக் காட்டி எங்களைத் தாழ்வாகப் பேசினார்கள். நாங்கள் அருந்ததியரைக் காட்டிப் பேசினோம். ஏணியின் அடிப்படிகளிலும் ஒருத்தன் தலையில் ஒருத்தன் கால் வைத்துத்தான் நின்றிருக்கிறோம்.

இதற்கு இயக்கத்திலிருந்தே ஒரு நியாயம் வரும், தெரியும். 1927இல் மகாத்தில் செத்தமாட்டுக் கறியை விடச் சொல்லி அம்பேத்கரே சொல்லவில்லையா என்பார்கள். சொன்னார். செத்தமாட்டைத் தூக்குவது கட்டாய வேலை, அந்தக் கறி அந்த வேலைக்குக் கூலி. கூலியை மறுத்தால்தான் வேலையை மறுக்க முடியும். நான் மாதச் சம்பளத்தில் காசு கொடுத்து வாங்கி, உயிரோடிருந்த பன்றியை அறுத்த கறியை என் மாடியில் வாட்டுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சமபந்தியில் சாம்பார் சாதம் போட்டுத் தீண்டாமையை ஒழித்த கதையாக, பன்றியை விட்டு முன்னேறிவிட்டோம் என்று நம்புகிறார்கள். விட்ட பிறகு வீடு கிடைத்ததா என்று மட்டும் கேளுங்கள்.

சில வருஷத்துக்கு முந்தி வங்கிப் பயிற்சிக்காகச் சென்னை போனபோது, கூட வந்தவர்கள் ஒரு பெரிய ஓட்டலுக்கு இழுத்துப் போனார்கள். அட்டையில் 'கண்ட்ரி ஸ்டைல் போர்க் ரிப்ஸ், மெஸ்கீட் புகையில் வாட்டியது' என்று போட்டிருந்தது. கண்ட்ரி ஸ்டைல் என்றால் நாட்டு முறைதானே! பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் தோள்பட்டையை ஒட்டிய கறி, முறையான விலாவே இல்லை. மெஸ்கீட் என்ற மரம் புரோசோபிஸ். நம் சீமைக்கருவேலும் புரோசோபிஸ்தான், பங்காளிகள். விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டம் போட்டு, கண் எரிந்து, இருமி, நம் ஆட்கள் மூட்டை கட்டுகிற அதே கரியின் அமெரிக்க அண்ணன் அங்கே அட்டையில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். விலாவைப் புகையில் வாட்டுகிற வித்தையை அமெரிக்காவில் வளர்த்ததிலும் பெரும்பங்கு அடிமைகளாயிருந்த கறுப்பர்களுடையது. 1908இல் கன்சாஸ் நகரத்தில் ஹென்றி பெர்ரி என்ற கறுப்பர் புகையில் வாட்டிய கறியைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்து வியாபாரம் தொடங்கினார். அந்த நகரம் இன்று அதைத் தன் பெருமை என்கிறது. எங்கள் ஊருக்குக் கடலைமிட்டாய்க்காக 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். பன்றிக் கடை ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பெயர்ப்பலகை இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை மட்டும், தார்ப்பாய்க்குக் கீழே. கறுப்புப் பையில் போட்டு, அதை இன்னொரு கறுப்புப் பையில் போட்டுத்தான் கொடுப்பார்கள். கேட்காமலே இரண்டு பை.

அரசாங்கம் மட்டும் என்ன செய்தது? 2022இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கும் பன்றிக்கும் இடமில்லை என்றார்கள், ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது, மழையைச் சொல்லித் திருவிழாவே தள்ளிப்போனது. அதே வருஷம் சென்னைத் தீவுத்திடல் உணவுத் திருவிழாவில் சத்தம் போட்ட பிறகு மாட்டுக்கறி பிரியாணிக்குக் கடை கொடுத்தார்கள். 2023இல் 'மாமன்னன்' படத்தில் கதாநாயகன் பன்றி வளர்த்தான், நாமெல்லாம் விசிலடித்தோம். எனக்குத் திருவிழாக்கள்மேல் கோபமில்லை. ஆனால் திருவிழா மூன்று நாள். வாடகை வீடு வருஷம் பூராவும். மூன்று நாளுக்கு முழக்கம் எழுதத் தெரிந்த நமக்கு, மற்ற நாளுக்கு ஒரு துண்டுப் பிரசுரம்கூட இல்லை.

சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. 1955ஆம் வருஷத்துக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், நாம் பி.சி.ஆர். என்று சொல்லுவது, அதன் 4ஆம் பிரிவு தீண்டாமையின் பேரில் ஒருவரை ஒரு பகுதியில் குடியிருக்கவிடாமல் செய்வதைக் குற்றம் என்கிறது. வீட்டுக்காரர்கள் அதைவிடக் கெட்டிக்காரர்கள். சாதியைக் கேட்பதில்லை, "என்ன சமைப்பீக?" என்று கேட்கிறார்கள். 2007இல் டில்லி போலீஸ் வடகிழக்கு மாணவர்களுக்கு ஒரு கையேடு போட்டு, வாடை வருகிற பண்டங்களை அக்கம்பக்கத்தைத் தொந்தரவு செய்யாமல் சமைக்கும்படி புத்தி சொன்னது. அடுப்புக்கு மேலே பன்றியைத் தொங்கவிட்டுப் புகைபோடுகிற நாகர் பிள்ளைகளும் ஆச்சியின் பேரனும் அந்தக் கையேட்டின்படி ஒரே கட்சி. சமையல் கேள்வி சாதிக் கேள்விதான் என்று நீதிமன்றத்தில் நிறுவ ஒரு வழக்காவது நாம் நடத்த வேண்டும். சட்டம் படிக்கிற மாணவர்கள் இதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டால் சாட்சி சொல்ல நான் வருகிறேன். ஆட்டுத்தலைப் பொய்யையும் சேர்த்தே சொல்லுகிறேன்.

அந்த ஐப்பசி கழிந்து தை மாதம், அம்மா மறுபடி வந்திருந்தபோது, மறுபடியும் டின்னை எடுத்தேன். வீட்டுக்காரம்மா கேட்டார். பன்னிக்கறி என்றேன். "அப்பிடியா" என்று மட்டும் சொன்னார். மாசக்கடைசியில் அவர் மகன் போன் பண்ணி, சொந்தக்காரர்கள் குடிவருகிறார்கள், வீடு வேண்டும் என்றார். அட்வான்ஸை ஒரு பைசா பிடிக்காமல் கொடுத்தார்கள்.

இப்போது இருக்கிற வீடு நம்ம ஆள் வீடு. அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கூடத்தில் அம்பேத்கர் படம் மாட்டியிருக்கிறார். சாவி கொடுக்கும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஆடு கோழி மீனு எது வேணும்னாலும் சமைச்சுக்கிடுங்க தம்பி. அது மட்டும் வேண்டாம். சுத்தி இருக்கிறது பூரா மத்தவங்க. நாம யாருன்னு இன்னும் தெரியாது." எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் அண்ணாச்சி என்று கேட்டேன். பதினெட்டு என்றார்.

போன ஐப்பசியில் விடாத மழை. மாடியில் தகரக் கொட்டகைக்குக் கீழே டின்னை வைத்தேன், சொல்லாமல்தான் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் குடையோடு ஏறி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன். டின்னைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "வேலிக்கருவையா?" என்றார். ஆமாம் என்றேன். அம்மா ஒரு துண்டைத் தட்டில் வைத்து நீட்டினாள். நின்றபடியே தின்றார், எலும்பை உடைத்து உள்ளே இருந்ததையும் உறிஞ்சினார், இன்னொன்று கேட்டு வாங்கினார். அவருடைய அம்மா பருத்திமார்ப் புகையில்தான் வாட்டுவாளாம், கருவை கொஞ்சம் காட்டமாம். கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். இறங்கப் போனவர் திரும்பி, "டின்னை மட்டும் அந்தப் பக்கமாத் தள்ளி வைங்க தம்பி, ரோட்டுப் பக்கம் காத்து அடிக்குது" என்றார்.